நடுக்கோடு வேறு, குத்துக்கோடு வேறு

கணித ஆசிரியராகப் பல ஆண்டுகளாக விடைத்தாள் திருத்தியதில் நான் திரும்பத் திரும்பக் கண்ட பிழை ஒன்று உண்டு. முக்கோணத்தின் ஓர் உச்சியை எதிர்ப்பக்கத்தின் நடுப்புள்ளியோடு இணைக்கும் நடுக்கோடு அதன் பரப்பளவை இரு சம பாகங்களாகப் பிரிக்கும் என்பதை நிறுவச் சொன்னால், மாணவர்களில் பலர் அவ்வாறு கிடைக்கும் இரு சிறு முக்கோணங்களும் சர்வசமம், அதாவது வடிவிலும் அளவிலும் ஒன்றே, என்று எழுதி, அதிலிருந்து பரப்பளவும் சமம் என்று முடித்துவிடுகிறார்கள். முடிவு சரி, காரணம் தவறு. முடிவு சரியாக இருப்பதாலேயே பிழை கண்ணில் படாமல் மேல்வகுப்பு வரை கூடவே போகிறது.

இதற்கு மாணவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. முக்கோணம் என்றதும் நம் கை பெரும்பாலும் இருசமபக்க முக்கோணத்தையே கரும்பலகையில் வரைகிறது. அதன் உச்சியிலிருந்து அடிப்பக்கத்துக்கு வரும் நடுக்கோடு, அடிப்பக்கத்துக்குச் செங்குத்தான குத்துக்கோடு, கோண இருசமவெட்டி ஆகிய மூன்றும் ஒரே கோடாக அமைந்துவிடுவதால், மூன்று வரையறைகளும் ஒன்றே என்ற எண்ணம் மாணவர் மனத்தில் படிந்துவிடுகிறது. ஆகவே இப்பாடத்தை நான் எப்போதும் பக்கங்கள் மூன்றும் வெவ்வேறான முக்கோணத்தில்தான் தொடங்குகிறேன்.

13, 14, 15 செ.மீ. பக்கங்கள் கொண்ட முக்கோணம் இதற்கு மிகவும் பொருத்தமானது. 14 செ.மீ. பக்கத்தை அடியாகக் கொண்டால் உயரம் 12 செ.மீ., பரப்பளவு 84 சதுர செ.மீ. குத்துக்கோடு அடிப்பக்கத்தை 5, 9 என்று பிரிக்கிறது. நடுக்கோடோ 7, 7 என்று பிரிக்கிறது. நடுக்கோட்டின் இருபுறமும் உள்ள முக்கோணங்களுக்கு அடி 7, உயரம் அதே 12. எனவே ஒவ்வொன்றும் 42 சதுர செ.மீ. ஆனால் ஒன்றில் 13 செ.மீ. பக்கமும் மற்றொன்றில் 15 செ.மீ. பக்கமும் இருப்பதால் அவற்றின் சுற்றளவுகள் 2 செ.மீ. வேறுபடுகின்றன, அவை சர்வசமம் அல்ல. சமமான அடி, பொதுவான உயரம் ஆகிய இரண்டே பரப்பளவு சமமாவதற்குக் காரணம். விரிகோண முக்கோணத்தில் குத்துக்கோடு வெளியே, அடிப்பக்கத்தின் நீட்சியில் விழும்போதும் இந்தக் காரணம் சிறிதும் மாறுவதில்லை.

இதைப் புரிந்துகொண்டவர்களும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. சீரான அட்டையில் வெட்டிய முக்கோணம், நடுக்கோடுகள் சந்திக்கும் நடுக்கோட்டு மையத்தில் தாங்கினால் சாயாமல் நிற்கும் என்பதால், அம்மையத்தின் வழியாகச் செல்லும் எந்தக் கோடும் பரப்பளவைச் சரிபாதியாக்கும் என்று அவர்கள் நம்பிவிடுகிறார்கள். மேலே கண்ட முக்கோணத்தில் மையத்தின் வழியாக அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு வரைந்து பாருங்கள். மேலே கிடைக்கும் சிறு முக்கோணம் மூல முக்கோணத்துக்கு வடிவொத்தது. அதன் உயரம் 8 செ.மீ., அதாவது முழு உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு. வடிவொத்த முக்கோணங்களின் பரப்பளவு இந்த விகிதத்தின் வர்க்கமாக மாறும்; எனவே அதன் பரப்பளவு மொத்தத்தில் 4/9 மட்டுமே, கீழ்ப்பகுதி 5/9. சமநிலையைத் தீர்மானிப்பது பரப்பளவு மட்டுமன்று, அப்பரப்பு கோட்டிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதும் சேர்ந்ததே.

மையம் நடுக்கோட்டை 2:1 என்று பிரிப்பதையும் பல மாணவர்கள் மனப்பாடமாகவே வைத்திருக்கிறார்கள். ஆனால் பரப்பளவைக் கொண்டே அதை நிறுவிவிடலாம். கசத என்ற முக்கோணத்தில் சத-வின் நடுப்புள்ளி ந, கத-வின் நடுப்புள்ளி ம, கந, சம என்ற இரு நடுக்கோடுகளும் வெட்டும் புள்ளி வ என்க. வசந, வநத என்ற முக்கோணங்கள் இரண்டும் சம அடியும் ஒரே உயரமும் கொண்டவை. அவற்றின் பரப்பளவை 1 அலகு என்று கொள்வோம். கந நடுக்கோடு என்பதால் கசந, கநத சமம்; இரண்டிலிருந்தும் 1 அலகைக் கழித்தால் கசவ-வும் கவத-வும் சமம். சம என்ற நடுக்கோட்டைக் கொண்டு அவ்வாறே கழித்தால் கசவ-வும் வசத-வும் சமம். அதாவது கசவ 2 அலகு. இப்போது கசவ, வசந ஆகியவற்றின் அடிகள் கந-வின் மீதே உள்ளன, ச-விலிருந்து உயரமும் ஒன்றே; எனவே கவ : வந = 2:1. த-விலிருந்து வரும் நடுக்கோட்டுக்கும் இதே வாதம் பொருந்துவதால், அதுவும் கந-வை அதே விகிதத்தில், வ-விலேயே வெட்டுகிறது.