தோமிரிஸ் படம் பார்த்தவர்களுக்கு ஒரு வரலாற்று ஆசிரியரின் வேண்டுகோள்

இந்தப் பருவத்திலும் வந்துவிட்டது. ‘பாரசீக மன்னர் சைரஸின் முடிவு’ என்று ஒரு அசைன்மென்ட். ஆதாரம் கேட்ட இடத்தில் 2019இல் வெளிவந்த ‘தோமிரிஸ்’ என்ற கசாக் படத்தின் ஸ்கிரீன்ஷாட். பிள்ளைகள்தானே என்று சொல்லித் திருத்தியிருப்பேன். ஆனால் தோமிரிஸ் என்ற அரசி சைரஸைப் போரில் வீழ்த்தினாள் என்பதற்கு அதே ஸ்கிரீன்ஷாட் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் ‘நிரூபிக்கப்பட்ட வரலாறு’ என்ற தலைப்போடு வந்தபோது எழுதாமல் இருக்க முடியவில்லை.

அகான் சதாயேவ் இயக்கிய படம். அல்மிரா துர்சின் அரசியாக நடித்திருக்கிறார். குதிரைச் சண்டைகள் அபாரம், தாராளமாகப் பாருங்கள். எனக்குக் கோபம் வருவது படத்தின் மீது அல்ல, ‘ஹெரோடோட்டஸே எழுதியிருக்கிறார், அப்புறம் என்ன சந்தேகம்?’ என்ற பேச்சின் மீது.

பழங்காலக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் என்ன எழுதினார் என்று முதலில் பார்ப்போம். மத்திய ஆசியாவில் வாழ்ந்த மசகெத்தையர் என்ற மேய்ச்சல் மக்களின் அரசி தோமிரிஸ், கணவனை இழந்தவள். சைரஸ் பெண் கேட்டு ஆள் அனுப்புகிறார். அவருக்கு வேண்டியது நாடுதான் என்று புரிந்து மறுத்துவிடுகிறாள். சைரஸ் படையோடு ஆற்றைக் கடக்கிறார். விருந்தும் மதுவும் பரப்பிவைத்துச் செய்த சூழ்ச்சியில் அவள் மகன் ஸ்பர்காபிசெஸ் பிடிபடுகிறான். போதை தெளிந்ததும் கட்டை அவிழ்க்கச் சொல்லி, கை விடுபட்ட உடனே தன்னை மாய்த்துக்கொள்கிறான். பிறகு பெரும்போர். சைரஸ் சாகிறார். அவர் தலையை ரத்தம் நிரப்பிய தோற்பையில் அமுக்குகிறாள் தோமிரிஸ்.

எல்லோரும் பகிர்வது இந்தக் கடைசி வரியைத்தான். ஆனால் அதே இடத்தில், சைரஸின் சாவைப் பற்றிப் பல கதைகள் உண்டு, தனக்கு நம்பத் தகுந்ததாகத் தோன்றுவது இது என்று ஹெரோடோட்டஸே சொல்லிவிடுகிறார். அதை யாரும் பகிர்வதில்லை. சைரஸ் இறந்தது கி.மு. 530இல். ஹெரோடோட்டஸ் எழுதியது ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து. அவர் போர்க்களத்தில் நின்றவர் அல்ல, கேட்டதை எழுதியவர். பாரசீக அரசவையில் மருத்துவராக இருந்த க்டீசியஸ், வேறொரு இனத்தாரோடு நடந்த போரில் பட்ட காயத்தால் சைரஸ் இறந்தார் என்கிறார். பாபிலோனியரான பெரோசஸ் மூன்றாவதாக ஓர் இனத்தின் பெயரைச் சொல்கிறார். கிரேக்க எழுத்தாளர் செனோபனின் நூலில் வரும் சைரஸோ பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லிவிட்டுப் படுக்கையில் நிம்மதியாகக் கண் மூடுகிறார். பாரசீகக் கல்வெட்டுகளில் தோமிரிஸ் என்ற பெயரே இல்லை. ஈரானில் பசர்கடேயில் சைரஸின் கல்லறை இன்றும் நிற்கிறது. அலெக்சாந்தர் அங்கே போனதும் பதிவாகியிருக்கிறது. தலை எதிரியின் கையில் போய், படையும் அழிந்திருந்தால் அங்கே யாரைக் கொண்டுவந்து வைத்தார்கள்? கேட்க வேண்டிய கேள்வி இது. ‘நடக்கவே இல்லை’ என்று அடித்துச் சொல்வதும் தவறு, ‘நிரூபணம்’ என்பதும் தவறு.

படம் இன்னும் கூட்டித்தான் செய்யும். ஹெரோடோட்டஸ் அவளுடைய சிறு வயதைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை, கணவன் பெயரையும் தரவில்லை. படத்தில் இரண்டும் உண்டு. கதை சொல்பவராக வரும் தத்துவ அறிஞர் அல்ஃபராபி கி.பி. 10ஆம் நூற்றாண்டுக்காரர். இடைவெளியை நீங்களே கணக்குப் போடுங்கள்.

இதையெல்லாம் சொன்னால் ‘அப்போ பெண் வீரர்களே கிடையாதா சார்?’ என்று ஒரு மாணவி வருத்தத்தோடு கேட்டாள். உண்டு அம்மா, நிச்சயம் உண்டு. அதற்குத் திரைப்படம் தேவையே இல்லை. 1988இல் சைபீரியாவின் துவா பகுதியில், மரத்தண்டைக் குடைந்து செய்த சவப்பெட்டி ஒன்று கிடைத்தது. உள்ளே தோல் தொப்பி அணிந்த ஒரு பிள்ளை. பக்கத்தில் கோடரி, வில், பத்து அம்புகள். பெண்களின் புதைகுழிகளில் வழக்கமாகக் கிடைக்கும் முகம் பார்க்கும் கண்ணாடியோ மணியோ இல்லாததால் ஆண்பிள்ளை என்றே முடிவுகட்டி வைத்திருந்தார்கள். 2020இல் மரபணுவைப் பார்த்தபோதுதான் பெண்பிள்ளை என்று தெரிந்தது. பதினான்கு வயதுகூட நிரம்பாதவள். 2,600 ஆண்டுகளுக்கு முந்தியவள், அதாவது தோமிரிஸுக்கும் மூத்தவள்! ஆயுதத்தோடு புதைக்கப்பட்ட பெண்கள் கருங்கடலின் வடகரையிலிருந்து கசாக்கிஸ்தான் எல்லைவரை பல இடங்களில் கிடைத்திருக்கிறார்கள். துறையில் இருக்கும் எங்களுக்கு இது பழைய செய்தி. வெளியே போய்ச் சேரவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

சரி, இனி செய்ய வேண்டியது. பகிரும் முன் இதை எழுதியவர் யார், சம்பவத்துக்கு எத்தனை ஆண்டு கழித்து எழுதினார் என்று பாருங்கள். வேறு யாராவது வேறு மாதிரி சொல்கிறார்களா என்று தேடுங்கள், அரை மணி நேர வேலை. உடை, ஆயுதம் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமா? ஈரானின் பெஹிஸ்தூன் பாறையில், சைரஸுக்குப் பின் வந்த பாரசீக மன்னர் தாரியஸ் செதுக்கவைத்த ஸ்குன்கா என்ற, சாக்கர் எனும் மேய்ச்சல் இனத் தலைவனின் கூர்த்தொப்பியைப் பாருங்கள். குதிரையில் கால் வைக்கும் அங்கவடி எந்தப் படத்தில் தெரிந்தாலும், அது தோமிரிஸ் காலத்துக்குப் பல நூற்றாண்டு பிந்தியது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பெற்றோருக்கு ஒன்று: பிள்ளையோடு உட்கார்ந்து படம் பாருங்கள், முடிந்ததும் ஹெரோடோட்டஸின் முதல் நூலில் கடைசிப் பக்கங்களைச் சேர்ந்து படியுங்கள். மாணவர்களுக்கு: அடுத்த அசைன்மென்ட்டில் ஆதாரம் என்று சினிமா ஸ்கிரீன்ஷாட் ஒட்டியிருந்தால் மதிப்பெண் போடாமல் திருப்பிக் கொடுப்பேன். அருங்காட்சியகப் பொருளின் படத்தை, எங்கே கிடைத்தது என்ற விவரத்தோடு ஒட்டிக் கொண்டுவாருங்கள்.