பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைக்குப் பொதுப் பள்ளியில் என்னென்ன உரிமை? எதை, எப்போது கேட்க வேண்டும்?

"இங்கே எங்களால பார்த்துக்க முடியாதும்மா. இதுக்குன்னே தனியா ஸ்கூல் இருக்கு, அங்கே சேர்த்துடுங்க." பார்வையில்லாத பிள்ளையையோ, குறைபார்வை உள்ள பிள்ளையையோ கூட்டிக்கொண்டு ஊர்ப் பள்ளிக்குப் போகும் பெற்றோருக்கு இந்தப் பதில் புதிதல்ல. பெரும்பாலும் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அப்படித் திருப்பி அனுப்பச் சட்டத்தில் இடமில்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016இல் இயற்றப்பட்டு, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள, 6 முதல் 18 வயது வரையிலான எந்தப் பிள்ளையும் அருகிலுள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ கட்டணமில்லாமல் படிக்கலாம் என்கிறது அதன் 31ஆம் பிரிவு. கல்வி உரிமைச் சட்டம் 14 வயதோடு நின்றுவிடுகிறது. இங்கே 18 வரை. அருகிலுள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்று முடிவு செய்வது பிள்ளையும் குடும்பமும்தான், தலைமையாசிரியர் இல்லை.

அதே சட்டத்தின் 16ஆம் பிரிவு, அரசு நிதி பெறும் பள்ளிகளோடு அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிகளையும் சேர்த்தே பேசுகிறது. பாகுபாடில்லாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும், கட்டடத்துக்குள் தடையின்றி நடமாட வழி செய்ய வேண்டும், பார்வையற்ற பிள்ளைக்கு ஏற்ற முறையில் பாடம் நடத்த வேண்டும், விளையாட்டிலும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தனியார் பள்ளிகளில் கல்வி உரிமைச் சட்டப்படி ஒதுக்கப்படும் 25 சதவீத இடங்களுக்கும் இந்தப் பிள்ளைகள் தகுதியானவர்கள். 2012இல் வந்த திருத்தம், மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளை வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் சேர்த்தது.

சிறப்புப் பள்ளியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிறவியிலேயே பார்வையில்லாத பிள்ளை முதல் சில ஆண்டுகள் அங்கே படித்தால் பிரெய்ல் (விரலால் தொட்டுப் படிக்கும் புள்ளி எழுத்து) கைக்கு நன்றாகப் படியும். அப்புறம் பொதுப் பள்ளிக்கு மாறலாம். அப்படிச் செய்த குடும்பங்கள் உண்டு. ஆனால் அது அவர்கள் யோசித்து எடுத்த முடிவாக இருக்க வேண்டும். இன்னொன்று, சேர்க்கை கிடைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். உள்ளே போன பிறகு கேட்டு வாங்க வேண்டியவை நிறைய. ஒவ்வொன்றுக்கும் ஒரு காலம் இருக்கிறது; தவறவிட்டால் அந்த ஆண்டு போச்சு.

முதலில் சான்றிதழ்

நல்ல கண்ணில், கண்ணாடி போட்டுச் சரிசெய்த பிறகும் பார்வை 3/60க்குக் கீழே இருந்தால் சட்டம் அதைப் பார்வையின்மை என்கிறது. அதாவது, மற்றவர் 60 மீட்டரில் பார்ப்பதைப் பார்க்க இந்தப் பிள்ளை 3 மீட்டர் தூரத்துக்குள் வர வேண்டும். 6/18க்குக் கீழே 3/60 வரை இருந்தால் குறைபார்வை. நேராகப் பார்க்கும் பார்வை நன்றாக இருந்தும் பக்கப் பார்வை சுருங்கிப்போன பிள்ளைகளும் இதில் வருவார்கள்: பார்வைப் புலம் 40 டிகிரிக்குக் குறைந்தால் குறைபார்வை, 10 டிகிரிக்குக் குறைந்தால் பார்வையின்மை. எழுத்தை நன்றாகப் படித்துவிட்டு வாசலில் தடுக்கி விழுகிற பிள்ளையை 'நடிக்கிறான்' என்று திட்டுவது இந்த வகைக் குறைபாடு தெரியாததால்தான்.

ஒரு கண்ணில் மட்டும் பார்வை போயிருந்தால் 30 சதவீதம்தான் வரும். 40ஐ எட்டாது என்பதால் 31ஆம் பிரிவும் உதவித்தொகைகளும் கிடைக்காது. ஆனால் 16ஆம் பிரிவு 40 சதவீதம் என்று எல்லை வைக்கவில்லை. முன் வரிசையில் இடம், பெரிய எழுத்தில் தாள் போன்றவற்றை இந்தப் பிள்ளைக்கும் தாராளமாகக் கேட்கலாம்.

சான்றிதழுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கும் (UDID) இணையத்தில் விண்ணப்பித்துவிட்டு அரசு மருத்துவமனையில் கண் மருத்துவரிடம் பரிசோதனைக்குப் போக வேண்டும். சிறு பிள்ளைகளுக்குப் பல சமயம் தற்காலிகச் சான்றிதழ்தான் தருவார்கள். அதில் எந்தத் தேதி வரை செல்லும் என்று போட்டிருக்கும். பத்தாம் வகுப்பு படிக்கும்போது அது காலாவதியாகிவிட்டால் தேர்வுச் சலுகைக்கு அலைய வேண்டியிருக்கும். ஒன்பதாம் வகுப்பிலேயே எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

எமிஸில் ஏறினால்தான் கணக்கு

தமிழ்நாட்டில் பிள்ளையின் விவரம் எமிஸ் என்ற பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளத்தில் மாற்றுத்திறன் மாணவர் என்று பதிவாகியிருக்க வேண்டும். சான்றிதழ் நகலைக் கொடுத்துவிட்டு வந்தால் போதாது. பதிவாகிவிட்டதா என்று வகுப்பாசிரியரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றியத்தில் இருக்கும் வட்டார வள மையம் யார் யாருக்கு என்ன தேவை என்று திட்டமிடுவது இந்தப் பதிவுகளை வைத்துத்தான். சிறப்புப் பயிற்றுநர்கள் இயங்குவது அங்கிருந்துதான். மருத்துவ மதிப்பீட்டு முகாம் நடத்தி, உருப்பெருக்கிக் கண்ணாடி, பிரெய்ல் பலகை, மடக்குக் கோல் போன்றவற்றுக்குப் பரிந்துரைப்பதும் அவர்கள்தான்.

பணம் எங்கிருந்து வருகிறது? 2018இல் தொடங்கிய சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் வரை கணக்கு வைத்திருக்கிறார்கள். அது கையில் தரும் தொகை இல்லை. உபகரணம், பாடப்பொருள், பயிற்சி போன்றவற்றுக்கானது. பெண் பிள்ளைகளுக்கு இதுபோக மாதம் 200 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 10 மாதம் ஊக்கத்தொகை உண்டு, வங்கிக் கணக்கில் வரும். பெரிய தொகை இல்லைதான். ஆனால் ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை உரியது, விட்டுவிட வேண்டியதில்லை. மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் கல்வி உதவித்தொகையும், பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடத்தை வாசித்துக்காட்டுபவருக்கான வாசிப்பாளர் உதவித்தொகையும் தனி. அவற்றுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

சிறப்புப் பயிற்றுநர் தினமும் வருவார் என்று எதிர்பார்க்க முடியாது. தொடக்கப் பள்ளியில் 10 பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பிள்ளைகளுக்கு ஒருவர் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் சொன்னது. நடைமுறையில் ஒரே பயிற்றுநர் பல பள்ளிகளுக்கு ஓடிக்கொண்டிருப்பதைத்தான் பார்க்கிறோம். அதனால் வகுப்பாசிரியரின் பங்குதான் பெரிது.

புத்தகம்: ஜூனிலா, தீபாவளிக்கா?

18 வயது வரை புத்தகமும் உபகரணமும் இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டத்தின் 17ஆம் பிரிவு. மற்றப் பிள்ளைகள் பள்ளி திறந்த அன்றே புதுப் புத்தகத்தோடு வீட்டுக்குப் போகிறார்கள். பார்வையற்ற பிள்ளைக்குப் பிரெய்ல் புத்தகம் வந்து சேர்வதற்குள் காலாண்டுத் தேர்வு முடிந்துவிட்டால் அந்தச் சட்டத்தால் என்ன பயன்? அச்சில் ஒரே புத்தகமாக இருப்பது பிரெய்லில் பல தொகுதிகளாக விரியும். அச்சிட நேரம் பிடிக்கும். ஆகவே மார்ச், ஏப்ரலிலேயே எந்த வகுப்பு, எந்தப் பாடங்கள், பிரெய்லா பெரிய எழுத்தா என்று தலைமையாசிரியர் வழியாக எழுத்தில் கேட்டுவிட வேண்டும்.

அதுவரைக்கும், ஏன் அதற்குப் பிறகும், மின்னூல் கைகொடுக்கும். 2012இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டத்தின்படி, பார்வைக் குறைபாடுள்ளவர் படிக்க ஒரு நூலை அவருக்கேற்ற வடிவத்துக்கு மாற்றுவது குற்றமில்லை. பதிப்பகத்திடம் அனுமதி வாங்க வேண்டியதும் இல்லை. சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்தில் இப்படி மாற்றிய நூல்கள் கிடைக்கின்றன. கணினித் திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துக்காட்டும் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம், தமிழும் வாசிக்கும்.

இங்கே ஒரு சிக்கல். ஆசிரியர் பாசத்தோடு தட்டச்சு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் கேள்வித்தாள் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால் திரைவாசிப்பானுக்கு அது தமிழாகவே தெரியாது. உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள் என்பதால் ஏதோ உளறலாகத்தான் ஒலிக்கும். யூனிகோடில் அடித்தால் தீர்ந்தது. புத்தகத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினாலும் இதே கதைதான். அது எழுத்தே இல்லை, படம்.

வகுப்புக்குள்

பெரிய செலவில்லாமல் பெரிய மாற்றம் வரும் இடம் இதுதான். கரும்பலகையில் எழுதும்போதே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு எழுதுவது முதல் வேலை. "இதையும் இதையும் கூட்டினா இது வரும்" என்று குச்சியால் தட்டிக்காட்டும் வாக்கியம் பார்வையற்ற பிள்ளைக்கு வெறும் சத்தம். "பன்னிரண்டையும் எட்டையும் கூட்டினால் இருபது" என்றால் அவனும் வகுப்பில் இருக்கிறான். 'நீ சொல்லு' என்று கையை நீட்டாமல் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் அப்படித்தான். பெஞ்சை இடம் மாற்றினால் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும்.

குறைபார்வைப் பிள்ளை என்றால் எல்லோரையும் முதல் பெஞ்சில் போட்டுவிடுகிறார்கள். அது எப்போதும் சரியில்லை. வெளிச்சம் பட்டால் கண் கூசும் பிள்ளையை ஜன்னலைப் பார்த்து உட்கார வைத்தால் இருக்கிற பார்வையும் வீண். ஒரு கண்ணில் பார்வை நன்றாக இருந்தால் பலகை அந்தப் பக்கம் வருமாறு இடம் தர வேண்டும். எங்கே உட்கார்ந்தால் தெரிகிறது என்று பிள்ளையையே கேட்பதுதான் சுருக்கமான வழி. புத்தகத்தை மூக்குக்கு அருகே வைத்துப் படித்தால் கண் கெட்டுவிடும் என்று பிடுங்கக் கூடாது. அந்தப் பிள்ளை படிக்கும் முறையே அது.

கணக்குக்கு டெய்லர் ஃபிரேம். துளைகள் உள்ள சட்டத்தில் சிறு கட்டைகளைத் திருப்பித் திருப்பிச் செருகினால் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதை வைத்து எண் தெரியும். வரைபடத்துக்கு அட்டையில் நூலை ஒட்டி ஆறுகளைக் காட்டலாம். பிரெய்ல் பலகையில் ஊசியால் குத்தி எழுதும்போது வலமிருந்து இடமாக எழுதி, தாளைத் திருப்பி இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். நேரம் பிடிக்கும். அதனால் நோட்ஸ் எழுத மற்றவர்களுக்குக் கொடுக்கும் நேரம் போதாது; நண்பன் படித்துக்காட்டவோ, பாடத்தைப் பதிவு செய்துகொள்ளவோ விட வேண்டும்.

பி.டி. பீரியடில் இந்தப் பிள்ளை மரத்தடியில் உட்கார்ந்து எல்லோருடைய பைகளுக்கும் காவல் இருக்கும். பல பள்ளிகளில் யாருக்கும் இது தவறாகவே படுவதில்லை. உள்ளே மணி போட்ட பந்து ஒன்று இருந்தால் நிலைமை மாறும்.

தேர்வும் சலுகையும்

பொதுத் தேர்வுச் சலுகைகள் தானாக வராது. தலைமையாசிரியர் வழியாகச் சான்றிதழோடு விண்ணப்பித்து, அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் ஆணை வர வேண்டும். சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம், மொழிப்பாட விலக்கு ஆகியவை முக்கியமானவை. மத்திய அரசின் வழிகாட்டுதல் ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடம் என்கிறது, 3 மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதல். எழுதுபவர் வேண்டாம், நானே எழுதுகிறேன் என்று சொல்லும் பிள்ளைக்கும் கூடுதல் நேரம் உண்டு. டெய்லர் ஃபிரேம், பிரெய்ல் பலகை, அபாகஸ் எல்லாம் தேர்வறைக்குள் கொண்டுபோகலாம் என்றும் அந்த வழிகாட்டுதல் சொல்கிறது.

சொல்வதை எழுதுபவரோடு உட்கார்ந்து தேர்வு எழுதுவது பழக்கத்தில் வருவது. விடையைத் தலைக்குள் அடுக்கி, எங்கே பத்தி பிரிக்க வேண்டும், எதை அடிக்கோடிட வேண்டும் என்று சொல்லத் தெரிய வேண்டும். காலாண்டு, அரையாண்டுத் தேர்விலிருந்தே இந்த ஏற்பாட்டைப் பள்ளி செய்தால் மார்ச்சில் தடுமாற்றம் இருக்காது. அதே நேரம், எழுதுபவர் இருக்கிறாரே என்று பிரெய்ல் கற்பதை நிறுத்திவிடக் கூடாது. தானே எழுத்துக்கூட்டிப் படிக்காத பிள்ளைக்கு எழுத்துப் பிழையைக் கண்டுபிடிக்கத் தெரியாமல் போகிறது.

மொழிப்பாட விலக்கை இருக்கிறதே என்று எடுத்துக்கொள்ளாதீர்கள் என்பது என் கருத்து. பார்வையற்ற பிள்ளைகள் பலருக்கு மொழிதான் பலம். ஆங்கிலத்தை விட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போனால் அங்கே முட்டும்.

பதினொன்றாம் வகுப்பில் "சயின்ஸ் குரூப் முடியாது" என்று சொல்வதும் சட்டத்தில் இல்லாத விதி. கார்த்திக் சாஹ்னி என்ற பார்வையற்ற டெல்லி மாணவர் சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பாடங்களோடு 96 சதவீதம் வாங்கியது 2013இல். அதற்குப் பிறகு அவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார். பன்னிரண்டுக்கு மேல், அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 40 சதவீதக் குறைபாடு உள்ளவர்களுக்கு 5 சதவீத இடமும், வயது வரம்பில் 5 ஆண்டுத் தளர்வும் உண்டு.

மறுத்தால்

வாய்ப்பேச்சாகச் சேர்க்கையை மறுத்தால், எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து ஒப்புகை கேளுங்கள். பல இடங்களில் பேச்சு அங்கேயே மாறிவிடும். மாறாவிட்டால், 2017ஆம் ஆண்டு விதிகளின்படி மாற்றுத்திறன் குழந்தைகளின் சேர்க்கையையும் வசதிகளையும் கவனிப்பதற்கென்றே மாவட்டக் கல்வி அலுவலகத்தில் ஒரு பொறுப்பு அலுவலர் இருக்க வேண்டும். அவர் பெயரைக் கேட்டு மனு கொடுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர். சாட்சியை வரவழைக்கவும் ஆவணம் கேட்கவும் அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் உண்டு. சட்டத்தை மீறினால் நீதிமன்றம் முதல் தடவை 10,000 ரூபாய் வரையிலும், மறுபடி மீறினால் 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்கலாம். ஆணையரிடம் போக வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மனுவோடு சான்றிதழ் நகல், பள்ளியில் கொடுத்த விண்ணப்பத்தின் நகல், ஒப்புகை அல்லது பதிவுத் தபால் ரசீது, இவற்றைச் சேர்த்து அனுப்புங்கள்.