குப்பைக் கிடங்கின் கேட்டில் லோடு திரும்பினால் பழி யார் தலையில் விழும்?

குப்பைக் கிடங்குக்கு வரும் லோடுகளை இடையிடையே பிரித்துப் பார்க்க வேண்டும், பதிவேட்டில் எழுத வேண்டும், தடைசெய்த கழிவைக் கண்டுபிடிக்க ஊழியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். அமெரிக்க விதி இது. வேறு பல நாடுகளிலும் ஏறக்குறைய இதே கதைதான், பின்னணி இவ்வளவு போதும். நல்ல விதிதான், ஆனால் மாட்டிக்கொள்வது கழிவை உண்டாக்கியவர் அல்ல, ஓட்டி வந்தவர். யாரோ மூட்டைக்கு அடியில் செருகிய பேட்டரிக்காக ஒரு டிரைவர் அரைநாள் கேட்டில் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் அந்தக் கிடங்கின் அனுமதிப் பட்டியலை வாங்கிப் படியுங்கள். சட்டம் தடுக்காத பொருளைக்கூட கிடங்கு மறுக்கலாம், அங்கே போய் வாதாடிப் பயனில்லை.

'காலி டிரம்' என்று ஏற்றுகிறார்களே, அதுதான் பெரிய கண்ணி. அடியில் கொஞ்சம் ரசாயனம் தங்கியிருந்தாலும் மறுத்துவிடலாம். மூடியைக் கழற்றி, உள்ளே தெரிகிற மாதிரி ஏற்றச் சொல்லுங்கள், மூடியோடு வந்தால் ஏற்றாதீர்கள்.

அடுத்தது கசடு. கண்ணுக்குக் கெட்டியாகத்தான் இருக்கும். ஆனால் 100 கிராம் எடுத்து பெயின்ட் வடிகட்டும் கூம்பில் போட்டு 5 நிமிடம் வைப்பார்கள், அதற்குள் ஒரு சொட்டு விழுந்தாலும் அது திரவக் கழிவு, உள்ளே விடமாட்டார்கள். கிளம்பும்போது தேறுகிற கசடு வழியில் மழையில் நனைந்தால் தேறாது, தார்ப்பாய் போடாமல் கிளம்பவே வேண்டாம்.

கதிர்வீச்சு அலாரம் அடித்தால் பயந்துவிடாதீர்கள். தைராய்டுக்கு அயோடின்-131 சிகிச்சை எடுத்தவரின் டயப்பர் ஒன்றே போதும் அதை அலற வைக்க. அதன் வீரியம் 8 நாளில் பாதியாகிவிடும், தனியாக எடுத்து வைத்து மறுபடி அளந்தால் பல நேரம் தீர்ந்துவிடும். அதற்குள் உங்களைக் கடத்தல்காரரைப் போல நடத்துவார்கள், எந்தக் கதிரியக்கப் பொருள் என்று அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

அப்புறம் அலைக்கழிப்பு. கேட்டில் ஆபீசைக் கேள் என்பார்கள், ஆபீசில் ஆய்வக அறிக்கை கேட்பார்கள், கொண்டுபோனால் மாதிரி பழசு என்பார்கள். அறிக்கைக்கு எத்தனை நாள் மதிப்பு என்பதை மாதிரி எடுப்பதற்கு முன்பே கேட்டு வையுங்கள். ஐரோப்பிய விதிப்படி ஏற்றுக்கொண்ட ஒவ்வொரு லோடுக்கும் எழுத்தில் ரசீது தர வேண்டும். உங்கள் ஊரில் அப்படி விதி இருக்கிறதோ இல்லையோ, கேட்டு வாங்குங்கள்.

கொட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். புல்டோசர் தள்ளி மற்ற குப்பையோடு கலந்துவிட்டால் எது யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது, பழி மட்டும் உங்களுக்கு வரும். ஏதாவது சிக்கினால் கலப்பதற்கு முன் படம் எடுங்கள்.

மறுத்துவிட்டு "எடுத்துக்கிட்டுப் போ" என்பார்கள் பாருங்கள், அங்கேதான் உஷார். பல நாடுகளில் ஆபத்தான கழிவை ஏற்றிச் செல்லவே தனி உரிமம் வேண்டும், உள்ளே இருப்பது அப்படிப்பட்ட கழிவு என்று தெரிந்த பிறகு உரிமம் இல்லாமல் வண்டியை எடுத்தால் குற்றம் உங்கள்மேல் வரும். என்ன சிக்கியது, யார் எடுத்துப் போகச் சொன்னது என்று கையெழுத்தோடு எழுதி வாங்காமல் வண்டியைக் கிளப்பாதீர்கள்.