"இரும்பு மனுசி" என்று சொல்வதற்கு முன்

திருகோணமலையின் கரையோரக் கிராமங்களில் உளவளத்துணையாளராகப் பணியாற்றும் நான் அடிக்கடி கேட்கும் பாராட்டு, "அவ இரும்பு மனுசி" என்பதாகும். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல்கோளில் மகனைப் பறிகொடுத்த ஒரு தாயையும் (அடையாளம் தெரியாதவாறு விபரங்களை மாற்றியுள்ளேன்) ஊரார் அப்படித்தான் அழைத்தனர். முகாமில் மற்றவர்களுக்குச் சமைத்துப் போட்ட அவர், ஒருவர் முன்னும் அழுததில்லை. வாடைக்காற்றில் கடல் இரையும் இரவுகளில் நித்திரையின்றித் தவித்து அவர் என்னிடம் வந்தபோது பல ஆண்டுகள் கடந்திருந்தன. "நான் உடைஞ்சா வீடே உடைஞ்சிடும் எண்டு நினைச்சன், மிஸ்" என்றார்.

இரும்பை உவமையாக்குவோர் எந்த இரும்பு என்று யோசிப்பதில்லை. வார்ப்பிரும்பு கடினமானதுதான், ஆனால் பலமாக அடித்தால் வளையாமல் வெடித்துவிடும். லொறியின் அடியிலுள்ள உருக்கு வில்லோ, சில்லு பள்ளத்தில் விழும்போது வளைந்து, அந்த அதிர்ச்சியின் சக்தியைத் தனக்குள் ஏற்று, நிமிரும்போது அதில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுக்கிறது. பொருட்களில் மீள்திறன் எனப்படுவது இதுவே, வளையாமை அல்ல. அதற்கும் ஓர் எல்லை உண்டு. எல்லையைத் தாண்டினால் வளைவு நிரந்தரமாகிவிடும். எல்லைக்குட்பட்ட சுமைகூட இலட்சக்கணக்கான தடவைகள் ஏறியிறங்கினால் நுண்ணிய வெடிப்புத் தோன்றி, வளர்ந்து, ஒரு நாள் முறித்துவிடலாம். பொறியியலாளர்கள் இதனைக் களைப்பு என்றே அழைக்கின்றனர். கடன் தவணையும் கணவரின் குடியும் அன்றாடம் ஏற்றும் சுமையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சொல்தான் நினைவுக்கு வருகிறது.

அந்த வில்லைக் குனிந்து பார்த்தால், பல தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டப்பட்டுச் சுமையைப் பகிர்ந்திருப்பது தெரியும். மனிதரிலும் அப்படித்தான். ஹவாயின் கவாய் தீவில் 1955 இல் பிறந்த குழந்தைகளைப் பல தசாப்தங்கள் பின்தொடர்ந்த உளவியலாளர் எம்மி வேர்னர் குழுவினர், வறுமையும் குடும்பப் பிணக்கும் சூழ்ந்த பிள்ளைகளிலும் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர் நல்லபடி வளர்ந்ததையும், அவர்களுக்குப் பாசத்துடன் நெருங்கியிருந்த ஒரு பெரியவராவது வாய்த்திருந்ததையும் கண்டனர். ஆகவே துயருற்றவரிடம் "தைரியமா இருங்கோ" என்று சொல்லிவிட்டு எழுந்து செல்லாதீர்கள்; சற்று இருந்து கேளுங்கள். நித்திரையின்மை வாரக்கணக்கில் நீடித்தாலோ, உயிர்மீது வெறுப்பு வந்தாலோ, 1926 என்ற இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கத்தை அழைக்கலாம்.

அந்தத் தாயின் தங்கை இப்போது மாரிகாலம் முழுவதும் இரவில் அக்காவின் வீட்டிலேயே படுக்கிறார். கடல் இரையத் தொடங்கினால் இருவரும் எழுந்து தேத்தண்ணீர் வைத்துக்கொண்டு மகனைப் பற்றிக் கதைக்கிறார்கள்.