இருட்டில் மணி சொல்லும் பாக்கெட் வாட்ச்

வேண்டும்போது நேரத்தை நிமிடம்வரை அடித்துச் சொல்லும் பழைய மினிட் ரிப்பீட்டர் கடிகாரம் ஒன்று கைக்கு வந்தால், முதலில் முள்ளை 12:59-க்குத் திருப்பி வைத்துவிட்டு, ஓரத்தில் இருக்கும் ஸ்லைடைக் கடைசிவரை தள்ளுங்கள். கனத்த ஒலியில் 12 அடி, அப்புறம் கால்மணிக்கு ஒன்றாக 'டிங்-டாங்' ஜோடி மூன்று, கடைசியில் மிச்ச நிமிடங்களுக்கு மெல்லிய ஒலியில் 14. மொத்தம் 32 அடி. இதைவிட அதிகமாக அது அடிக்கும் நேரமே கிடையாது, அதனால் எங்கேயாவது கோளாறு இருந்தால் இங்கே தெரிந்துவிடும்.

மின்விளக்கு இல்லாத காலத்தில், நடுராத்திரியில் மணி பார்க்கப் பிறந்த யோசனை இது. 1687-ல் பாதிரியார் எட்வர்ட் பார்லோ, கடிகாரக்காரர் டேனியல் குவேர் இரண்டு பேரும் இதற்குக் காப்புரிமை கேட்டு நின்றபோது, இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் குவேர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். அன்றைக்கு மணியும் கால்மணியும் மட்டும்தான், நிமிடம் பிறகு வந்தது.

சரி, கடிகாரத்துக்கு எண்ணத் தெரியுமா? தெரியாது, அது ஆழத்தைத் தடவிப் பார்க்கிறது, எனக்கு இதில் மிகவும் பிடித்ததே அதுதான். முள்ளோடு சேர்ந்து நகரும் மூன்று தகடுகள் உள்ளே இருக்கின்றன. நத்தை ஓடு மாதிரி விளிம்பு படிப்படியாக உள்வாங்கியிருப்பதால் பெயரே நத்தைதான். மணி நத்தைக்கு 12 படி, கால்மணி நத்தைக்கு 4, நிமிட நத்தைக்கு நான்கு கைகள், கைக்கு 14 பள்ளம். ஸ்லைடைத் தள்ளும்போது தனி ஸ்பிரிங் ஒன்று முறுக்கேறும், கூடவே பல் வைத்த ரேக்குகளின் நுனி இந்தப் படிகளில் போய் உட்காரும். படி எவ்வளவு ஆழமோ அவ்வளவு பற்கள் திரும்பும் வழியில் சுத்தியலைத் தட்டும்.

2:59 முடிந்து 3:00 ஆகும் நொடிதான் சிக்கல். மணி நத்தை 3-க்குத் தாவிவிட்டது, மற்ற நுனிகள் இன்னும் பழைய பள்ளத்திலேயே விழுந்தால் 3:59 என்று அடித்துவிடும், ஒரு மணிநேரப் பொய். அதைத் தடுக்க, மணி மாறும்போது 'சர்ப்ரைஸ் பீஸ்' என்ற சின்னத் தகடு வெளியே துள்ளிப் பள்ளத்தை மூடிக்கொள்கிறது. ஸ்லைடைப் பாதிதான் தள்ளினீர்களா, அரைகுறையாக அடிப்பதற்குப் பதில் வாயே திறக்காமல் இருக்க இன்னொரு பாகம் உண்டு. தொடக்ககால ரிப்பீட்டர்களில் அது இல்லை, பாதி தள்ளினால் தப்பு மணிதான் கேட்கும்.

முதலில் குட்டி மணிக் கிண்ணத்தில்தான் அடித்தார்கள். 1783 வாக்கில் கடிகாரக் கலைஞர் பிரெகே அதற்குப் பதிலாக வளைத்த எஃகுக் கம்பியைப் போட்டார், கடிகாரமும் மெலிந்தது. சுவிஸ் கடிகார நிறுவனம் படேக் பிலிப் 1933-ல் அமெரிக்கச் சேகரிப்பாளர் ஹென்றி கிரேவ்ஸுக்குக் கொடுத்த, 24 காம்ப்ளிகேஷன் (மணி காட்டுவதற்கு மேலான கூடுதல் வேலைகள்) கொண்ட கடிகாரத்திலும் மினிட் ரிப்பீட்டர் உண்டு.

வாங்கும்போது காதைக் கிட்டே வையுங்கள். கடைசி நிமிட அடிகள் தள்ளாடினால் பெரும்பாலும் எண்ணெய் பிசுபிசுத்துப் போயிருக்கும், அதைச் சுத்தம் செய்துவிடலாம். அடித்துக்கொண்டிருக்கும்போது மட்டும் யாரும் முள்ளைத் திருப்பவே கூடாது, நுனி நத்தையில் மாட்டியிருக்கும்; ஒடிந்தால் அந்த ஒரு பாகத்தைக் கையால்தான் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.