அம்மாவுக்கு அவனும்தானே பிள்ளை

போன வாரம் காசிமேட்டிலிருந்து ஒரு அக்கா தன் தம்பியைச் சிறப்பு ஆசிரியையான என்னிடம் கூட்டி வந்தார். 26 வயது, அறிவுசார் குறைபாடு. மூன்று வாரமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. விடிந்தால் குடத்தோடு தெருமுனை அடிபம்பில் போய் நின்றுவிடுகிறான். "மந்திரிச்சு கயிறும் கட்டியாச்சு மிஸ், கேக்கலை" என்றார்.

அம்மா இறந்திருக்கிறார். சாவு எடுக்கிற அன்று இவனை அத்தை வீட்டில் விட்டுவிட்டு, அம்மா தண்ணி பிடிக்கப் போயிருக்காங்க என்று சொல்லியிருக்கிறார்கள்.

சாவை இப்படி மறைத்து, இந்த வருடம் நான் பார்க்கும் மூன்றாவது பிள்ளை இவன். ஏன் சொல்லவில்லை என்றால் மூன்று வீட்டிலும் ஒரே பதில்: "அவனுக்கு என்ன தெரியும்?"

என்ன தெரிய வேண்டும்? மந்திரத்துக்கு அர்த்தம் தெரிந்தா நாம் கும்பிடுகிறோம்? கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுவது, பூசையில் மணி அடித்ததும் மண்டியிடுவது, தொழுகையில் அப்பாவின் தோளை ஒட்டி நிற்பது எல்லாம் உடம்பு கற்றுக்கொள்பவை. என்னிடம் படிக்கும் ஒரு பெண்ணுக்குப் பத்து வரை எண்ண வராது. திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோவிலுக்கு என்று பஸ் ஏறினால் போதும், செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வாள். அவளுக்குப் பக்தி இல்லை என்று யார் சொல்வது?

அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு எல்லோருக்கும்தான் வழிபாட்டு உரிமை தருகிறது. அறிவுத் திறனை அளந்து தரவில்லை. 21 வகைக் குறைபாடுகளைச் சொல்லும் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் பண்பாட்டு வாழ்வையும் உரிமையாகவே பேசுகிறது. ஆனால் நான் நிரப்பும் படிவங்களில் பல் துலக்குவானா, காசு எண்ணுவானா என்பதற்கெல்லாம் கட்டம் உண்டு. எந்தச் சாமியைக் கும்பிடுவான், யாரை இழந்திருக்கிறான் என்று கேட்க ஒரு வரி கிடையாது. அந்த வரியைச் சேருங்கள் என்று கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வீட்டில் இருப்பவர்களுக்கு: இறந்துவிட்டார் என்றே சொல்லுங்கள். "தூங்குறாங்க" என்றால் அப்புறம் பிள்ளை தூங்கவே பயப்படும். முகம் பார்க்க விடுங்கள், வாய்க்கரிசி போட விடுங்கள். அழுதால் வெளியே கூட்டிப்போக ஒரு ஆள் பக்கத்தில் இருந்தால் போதும். கோவிலோ சர்ச்சோ மசூதியோ, கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள். விரதம், வேண்டுதல் என்று வலிப்பு மாத்திரையை நிறுத்தாதீர்கள், தயவுசெய்து.

வரும் புதன்கிழமை அந்த வீட்டில் முப்பதாம் நாள் படையல். அதே குடத்தில் தண்ணீர் பிடித்து வந்து அம்மா படத்துக்கு முன்னால் அவனே வைக்கட்டும் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். நானும் போகிறேன்.