ஸ்பேனரை எடுக்கும் முன் எஞ்சினை ஓட விடுங்கள்

"சேர், எஞ்சினைப் பிரித்து வைத்திருக்கிறோம், வந்து பாருங்கள்" என்று போன் வந்தால் எனக்குப் பாதித் தெம்பு போய்விடும். போய்ப் பார்த்தால் பிஸ்டன்கள் சாக்கின் மேல் வரிசையாகக் கிடக்கும். எது எந்தச் சிலிண்டருக்கு உரியது என்று ஒரு அடையாளமும் இருக்காது. பெயரிங் ஓடுகள் எல்லாம் ஒரே வாளியில் டீசலில் ஊறிக்கொண்டிருக்கும். என்ன கோளாறு என்று கேட்டால், "புகை வந்தது சேர்" என்பார்கள். என்ன நிறத்தில் வந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில்.

நான் இலங்கை மலைநாட்டில், மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவன். கொழும்பு, தூத்துக்குடி, மாலே என்று சுற்றுகிற பழைய கோஸ்டர் கப்பல்களின் எஞ்சின் ரூமில் பல வருஷம் இருந்துவிட்டு, இப்போது தோட்டத்து ஸ்டோர்களில், அதாவது தேயிலை ஆலைகளில், நிற்கும் பழைய ஜெனரேட்டர்களைப் பார்த்துச் சொல்கிறேன். கோஸ்டரை ரிப்பேருக்குக் கொண்டுபோகும் முன் அதை ஓட்டித்தான் பார்ப்போம். ஒவ்வொரு சிலிண்டரின் எக்ஸோஸ்ட் சூடு, எண்ணெய் பிரஷர், தண்ணீரின் சூடு, புகை எல்லாம் லோடில் இருக்கும்போதே நோட்டில் ஏறிவிடும். எஞ்சினை நிறுத்திவிட்டால் அந்தக் கணக்கு அப்புறம் கிடைக்காது.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரன்ட் வெட்டினார்களே, ஞாபகம் இருக்கும். வாட்டத்துக்குப் போட்ட கொழுந்து கரன்ட் வரும்வரை காத்திருக்குமா? மூலையில் கிடந்த எஞ்சினை எல்லாம் துடைத்து ஓட்டினார்கள். அன்று அவசரத்தில் செய்த ஒட்டுவேலைகளை நான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

புகை விஷயத்தில் மலைநாட்டுக்கென்று ஒரு சங்கதி உண்டு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரம். இங்கே காற்று மெலிது. டர்போ இல்லாத எஞ்சின் 300 மீற்றர் ஏற ஏறச் சுமார் 3 சதவீதம் வலுவை இழக்கும். கொழும்பில் செட் பண்ணிய டீசல் பம்பை அப்படியே மேலே கொண்டுவந்து முழு லோடு கொடுத்தால் டீசல் முழுதாக எரியாது, கறுப்புப் புகைதான் வரும். அதைப் பார்த்து "பிஸ்டன் ரிங் போய்விட்டது" என்று பிரித்தவர்கள் எத்தனை பேர்! ரிங் தேய்ந்து எண்ணெய் எரிந்தால் புகையில் நீலம் தட்டும். அதற்கும் புகையை மட்டும் நம்பாமல், எஞ்சின்காரர் தினமும் எவ்வளவு எண்ணெய் ஊற்றுகிறார் என்று கேட்பேன்.

தலவாக்கலைப் பக்கம் ஒரு ஸ்டோர். ஆறு சிலிண்டர் எஞ்சினில் ஜெனரேட்டர் பக்கத்துக் கடைசி மெயின் பெயரிங் (கிராங் ஷாப்டைத் தாங்குவது) இரண்டு தடவை உருகியிருந்தது. இரண்டு தடவையும் புதுசு போட்டார்கள். மூன்றாவதுக்கும் ஓர்டர் கொடுக்கப் போகிற நேரத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். ஷாப்ட் வளைந்தால் கிராங்கின் இரண்டு கன்னங்களுக்கும் (பக்கக் கைகளுக்கும்) நடுவே உள்ள இடைவெளி மாறும்; அங்கே முள் காட்டும் டயல் கேஜை வைத்து, பிளைவீலைக் கம்பியால் மெதுவாகத் திருப்பி, ஒரு சுற்றுக்கு ஐந்து இடத்தில் அளவெடுத்தேன். அடியில் கனெக்டிங் ரொட் குறுக்கே வருவதால் அதன் இரு பக்கமும் ஒவ்வொரு அளவு. கையில் டோர்ச், இன்னொரு கையில் சின்னக் கண்ணாடி, கழுத்து வலிக்கிற வேலை. முதல் ஐந்து கிராங்கிலும் முள் மில்லிமீற்றரில் நூறில் இரண்டு மூன்று பங்கு அசைந்தது. கடைசியில் பதினொன்று.

பெயரிங்கின் மேல் குற்றமில்லை. வெளியே போய்ப் பார்த்தேன். பின்சுவர் ஓரத்துக் கான் (வடிகால்) மண் அடைத்து, மழைத் தண்ணீரெல்லாம் ஜெனரேட்டரின் அத்திவாரத்துக்கு அடியில் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் தாழ, ஷாப்ட் வளைந்தபடியே சுற்றியிருக்கிறது. சரக்கு ஏற்றினால் கப்பலின் உடம்பு வளையும், அதனால் அங்கே இந்த அளவை அடிக்கடி எடுப்போம். மலையிலும் தரை நகரும். மழைக்காலம் முடிந்ததும் ஒரு தடவை எடுத்து, முந்தின அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கானை வெட்டி, ஜெனரேட்டரைத் திரும்ப லெவல் பண்ணிய பிறகுதான் அங்கே புது பெயரிங் போட விட்டேன்.

இனிச் சொல்லப்போவதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எஞ்சின் திடீரென்று சத்தம் மாறி, கிராங் கேஸின் (கிராங் சுற்றும் அடிப்பெட்டியின்) பக்கக் கதவு கை வைக்க முடியாமல் சுட்டால், நிறுத்துங்கள். நிறுத்திய கையோடு கதவைத் திறக்காதீர்கள். உள்ளே எங்கோ ஒரு பெயரிங்கோ பிஸ்டனோ பழுக்கச் சுட்டு, அதில் பட்ட எண்ணெய் ஆவியாகி, வெள்ளைப் பனிபோல நிறைந்திருக்கும். கதவைத் திறந்தால் காற்று உள்ளே போகும். பற்றவைக்க அந்தச் சுட்ட இரும்பே போதும். 1947 செப்டெம்பரில் வட அயர்லாந்துக் கடலில் ரெய்னா டெல் பசிபிகோ என்ற கப்பலை ரிப்பேர் முடித்து ஓட்டிப் பார்த்தபோது எஞ்சின்களின் கிராங் கேஸ் வெடித்து 28 பேர் செத்துப்போனார்கள். பெரிய எஞ்சின்களின் கதவில், உள்ளே ஏறும் அழுத்தத்தை வெளியே விடும் ரிலீப் வால்வு கட்டாயமாக வேண்டும் என்ற விதிக்கு இப்படிப்பட்ட சாவுகள்தான் காரணம். நம் ஸ்டோர்களில் சில பழைய எஞ்சின்களில் அந்த வால்வே இல்லை. இருக்கிற சிலதில் எண்ணெய் ஒழுகுகிறது என்று பெயின்ட் பூசி அடைத்திருக்கிறார்கள்!

குறைந்தது 20 நிமிடம் விடுங்கள். எஞ்சினின் புத்தகம் இன்னும் கூடச் சொன்னால் அதன்படி. அதுவரை கதவுக்கு நேரே யாரும் நிற்க வேண்டாம், பக்கத்தில் பீடியும் வேண்டாம்.

அந்தத் தலவாக்கலை ஸ்டோரில் எஞ்சின்காரர் ஐயா ஒரு பழக்கம் வைத்திருக்கிறார். நிறுத்தின நேரத்தைச் சுண்ணக்கட்டியால் எஞ்சின் ரூம் கதவில் எழுதிவிட்டு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பிளேன்டீ குடிப்பார். போன மாதம் போனபோது கதவில் 10.40 என்று எழுதியிருந்தது. "இன்னும் ஏழு நிமிஷம் இருக்கு தம்பி, நீங்களும் ஒன்று குடியுங்கள்" என்றார்.